நான்கு மணி வரை வாசனை இல்லாதவர்

இக்கட்டுரையில், எங்கள் அலுவலகத்தில் வேலை செய்த ஒருவரைப் பற்றி நான் கண்ணால் கண்டவற்றையும், அவரே தம் வாயால் என்னிடம் சொன்னவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் சொல்லிக் கேட்டவை பல உண்டு. அவர் வேலையிலிருந்து நின்ற மாதத்தில் எங்கள் அலுவலகத் தேநீர் இடைவேளைகளில் அவரைப் பற்றி நான்கு கதைகள் உலவின. ஒன்று சொன்னதை மற்றொன்று மறுத்தது. அவற்றில் எதையும் இங்கே சேர்க்கவில்லை. ஒருவரைப் பற்றி எழுதும்போது விட்டுப்போன இடங்களை எழுதுபவரே நிரப்பிக்கொள்ளலாம் என்று கருதுவோர் இருக்கிறார்கள். வேறொருவரைப் பற்றி எழுதினால் நானும் அவ்வாறு செய்யக்கூடும். இவரைப் பற்றி எழுதும்போது அது தகாது. ஏன் என்பது படிக்கப் படிக்க விளங்கும். அவர் பெயரையும் குறிப்பிடவில்லை. குறிப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ள எனக்கு வழியில்லை.

பெங்களூர் அடுகோடியில், பட்டறைகளும் வீடுகளும் கலந்து நிற்கும் தெரு ஒன்றில், மூன்று மாடிக் கட்டடத்தில் எங்கள் நிறுவனம் இருந்தது. குளியல் ஜெல், உடலில் பூசும் லோஷன், மேலே தெளித்துக்கொள்ளும் பாடி மிஸ்ட் ஆகியவற்றை வேறு வேறு விற்பனையாளர்களுக்காகத் தயாரித்துக் கொடுப்பது தொழில். சரக்கு அத்திபெலே ஆலையில் உருவாகும். மாதிரிகள் காலையில் வேனில் அடுகோடிக்கு வந்து சேரும். மூன்றாம் மாடியில் அமர்ந்து, புட்டிகளின் பின்புறம் ஒட்டும் சீட்டுகளுக்குத் தமிழ் வாசகம் எழுதுவது என் பணி. அதற்கு முன் பதினோராண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்திருக்கிறேன். தரைத்தளத்தில், சன்னல் இல்லாத வெள்ளை அறை ஒன்றில், மாதிரிகளை முகர்ந்து பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இவர்.

ஜீவனஹள்ளியில் பிறந்தவர்; அங்கேயே வசித்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்று அவரே கணக்கிட்டுச் சொன்னார். திருமணமானவரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

எங்கள் முதல் உரையாடல் மல்லிகையைப் பற்றியது. ஒரு குளியல் ஜெல்லுக்கு 'அப்போதே பறித்த மல்லிகையின் மணம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சுக்குப் போகும் முன்பு அந்தச் சீட்டு கீழே முகர்வோர் அறைக்குப் போயிருந்தது. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் மஞ்சள் பட்டையுமாக ஒரு பெண் மாடியேறி என் மேசை முன் வந்து நின்றார்.

"மேடம், அப்பவே பறிச்ச மல்லின்னு எழுதினது நீங்களா?"

"ஆமாம்."

"யார் பறிச்சாங்கோ?"

எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதை அவரும் கண்டுகொண்டார்.

"இல்ல மேடம், மல்லி வாசம் இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா அப்பப் பறிச்சது இல்ல. ஈரத்துணில சுத்தி பிரிட்ஜுல வெச்சு மறுநாள் எடுத்தா ஒரு வாசம் வரும் பாருங்கோ, அது."

விளம்பரத்தில் இப்படி எழுதுவது வழக்கந்தான் என்றேன்.

"எழுதுங்கோ மேடம். யார் கேக்கப் போறா? நான் சும்னே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் போன பிறகு அந்தப் புட்டியைத் திறந்தேன். பதினான்கு மாதங்களாகச் சீட்டு எழுதிவந்த நான் ஒரு புட்டியைத் திறந்தது அன்றுதான் முதல்முறை. அவர் சொன்னது சரி. 'அப்போதே பறித்த' என்பதை அடித்துவிட்டு 'மல்லிகை மணம்' என்று மட்டும் விட்டேன். அன்றுமுதல் கையில் பூசிப் பார்க்காமல் எந்தப் பொருளுக்கும் வாசகம் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இந்தப் பழக்கத்தால் பின்னர் நேர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் கல்லூரியில் கற்பித்தவள் என்று அறிந்த நாளிலிருந்து அவருக்கு நான் 'டீச்சர்' ஆனேன்.

முகர்வோருக்கென்று தனி ஒழுக்கம் உண்டு. வேலை நாளில் மணமுள்ள சோப்பு கூடாது, பவுடர் கூடாது, தலையில் பூ கூடாது. மதிய உணவில் பூண்டு, வெங்காயம், பெருங்காயம் ஆகா. முகர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காப்பியும் இல்லை. மற்ற ஐவரும் இவற்றைச் சொல்லி முணுமுணுப்பார்கள். இவர் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. ஆயுத பூசைக்காகக் கட்டடம் முழுவதும் சாம்பிராணி போட்ட நாளில், சாலையின் எதிர்ப்புறம் டயர் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றார். டயர் வாடை மூக்கைக் கெடுக்காதா என்று கேட்டேன்.

"டயர் வாசம் வெளியவே நிக்கும் டீச்சர். சாம்பிராணிதான் உள்ள பூந்து உக்காந்துக்கும்."

முகர்ந்து பார்த்தபின் நிரப்ப வேண்டிய தாளில், மணத்தை விவரிக்க ஒரு கட்டம் உண்டு. 'மலர் வகை', 'பழ வகை', 'மர வகை' என்று நிறுவனம் கொடுத்திருந்த பட்டியலிலிருந்து மற்றவர்கள் எடுத்து எழுதுவார்கள். அவருடைய தாள்களைப் பார்த்திருக்கிறேன். 'செருப்புக் கடைக்குள் நுழைந்ததும்', 'மழையில் நனைந்த பஸ் சீட்டு', 'கொய்யா இல்லை, கொய்யா மிட்டாய்' என்று இருக்கும். சில தாள்களில் ஒரே சொல் இருக்கும்: 'தெரியவில்லை.'

இந்தச் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். ஏனெனில், அவரை அவராக்கியது இதுவே. தெரியாது என்று சொல்ல நேரும்போது நம்மில் பெரும்பாலோர் குரலைத் தாழ்த்துவோம். அல்லது தோளைக் குலுக்குவோம். அல்லது வேறெதையாவது சொல்லி அந்த இடத்தை மூடுவோம். அவர் அளவுகோலில் பார்த்த எண்ணைச் சொல்வதுபோலச் சொல்வார். கன்னடம் பேசும் எங்கள் மேலாளரிடம் அதையே 'கொத்தில்லா' என்பார். நல்ல மனிதரான அந்த மேலாளர் ஒருமுறை என் முன்னிலையிலேயே சலித்துக்கொண்டார்.

"ஏம்மா, கட்டத்துல தெரியலன்னு இருந்தா மேலே கேக்கறாங்க. ஏதானா ஒந்து எழுதும்மா."

"எழுதினா அது இருக்குன்னு ஆயிடும் சார்."

இந்த இயல்பு எல்லா இடத்திலும் இனித்ததென்று சொல்ல மாட்டேன். என் தளத்தில் வேலை செய்த ஒரு பெண், பிறந்து பத்து நாளான தன் மகளின் படத்தை எல்லோரிடமும் காட்டினாள். யார் சாயல் என்று கேட்டாள். அம்மா, அப்பா, அத்தை என்று ஆளுக்கொன்று சொன்னோம். இவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "தெரியல. இன்னும் மூஞ்சி வரல" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாய் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. எட்டாம் நாள் அவளே வந்து பேசியபோது மகிழ்ச்சியோடு பேசினார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் வேறொருவர் ஆவார்.

"அஞ்சு நாளும் இந்த மூக்கும் நாக்கும் கம்பெனிது டீச்சர். வெள்ளிக்கெழம நாலு மணிக்கு வாங்கினு வந்துடுவேன்" என்பார்.

ஓசூர் சாலைப் பக்கம் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் பீருக்குப் பேர்போன உணவகம் ஒன்று இருந்தது. நான்கிலிருந்து ஏழு வரை அங்கே ஹேப்பி ஹவர். அந்நேரத்தில் நொறுக்குகள் எல்லாம் பாதி விலை. அவர் குடிப்பதில்லை, அவருடைய வேலைக்கு அது ஆகாது. வாரம் ஒரு தட்டு, அதுவும் அதற்கு முன் உண்டிராத ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் முறை. நான் உடன் போகத் தொடங்கிய பின், ஒரு வாரம் அவருக்காக அசைவம், மறு வாரம் எனக்காகச் சைவம் என்று பகிர்ந்துகொண்டோம். இருவருக்கும் சர்க்கரை இல்லாத எலுமிச்சை சோடா. கிருஷ்ணகிரிப் பக்கத்தைச் சேர்ந்த, மீசை நரைத்த சர்வர் ஒருவர் எங்களைக் கண்டதுமே தலையில் கை வைப்பார்.

"ஹேப்பி ஹவர்ல எல்லாரும் ரெண்டு மக் பீரு சொல்லுவாங்கக்கா. நீங்க ரெண்டு சோடா சொல்றீங்க."

"சோடாவும் ஹேப்பியாத்தான் கீதுண்ணா. இந்த வெங்காய வளையம் இன்னா, பீர் மாவுல பொரிச்சதுன்னு போட்டிருக்கு? பீர் இருக்கா?"

"பேருதான்க்கா. எங்க மாஸ்டர் சோடாதான் ஊத்துவாரு."

"அப்ப சோடா வெங்காயம்னு போடுங்கோ. நான் ரெண்டு ப்ளேட் சாப்புடறேன்."

"அப்படிப் போட்டா உங்களத் தவிர ஒருத்தரும் சாப்புட மாட்டாங்கக்கா!"

மூவரும் சிரித்தோம். தட்டு வந்ததும் அவர் ஒன்றை எடுத்துக் கடிப்பார். முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். சோடாவைக்கூடத் தொடாமல் சிறிது நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் இரண்டாவது கடி. முதல் கடி பசிக்குப் போய்விடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. உருகிய சீஸ் வழியும் நாச்சோஸ் என்ற சோள வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, "அப்பளத்துக்கு ஸ்வெட்டர் மாட்டி வுட்டிருக்காங்கோ டீச்சர். உள்ள அதுக்கு வேர்க்குது" என்றார். மிளகு போட்டு வறுத்த காளானுக்கு ஒரே சொல்: "சக்கத்." அருமை என்பதற்குப் பெங்களூர் முழுவதும் வழங்கும் சொல் அது, அவர் வாயிலிருந்து ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வந்து நான் கேட்டதில்லை.

உண்டு முடித்தபின் வெறுந்தண்ணீரில் கை கழுவிக்கொண்டு கோரமங்களாவில் ஒரு கடைக்கு நடப்போம். உடல் மணப்பொருள்கள் மட்டுமே விற்கும் கடை. புதிதாக வந்தவை ஒவ்வொன்றுக்கும் முன்னால், எடுத்துப் பூசிப் பார்க்கத் திறந்த புட்டி ஒன்று இருக்கும். இடக்கை மணிக்கட்டில் ஒன்று, வலக்கை முழங்கை மடிப்பில் ஒன்று. ஒரு வாரத்துக்கு இரண்டுக்கு மேல் அவர் ஏற்க மாட்டார். தமிழ் தெரிந்த விற்பனைப் பெண் ஒருத்தி அவரை விடாமல் தொடர்வாள்.

"மேடம், இது புதுசு. பாடி யோகர்ட். ட்ரை பண்ணுங்க."

"தயிரா? மத்தியானம்தான் சாப்ட்டேன்."

"ஐயோ, இது தோலுக்கு மேடம்!"

"இன்னிக்கு கை ஃபுல்லும்மா. அடுத்த வாரம்."

"சரி, பூசினீங்களே, அது எப்படி இருக்கு?"

"தெரியாது. திங்கக்கெழம கேளு."

அவள் அதை வேடிக்கை என்று நினைத்தாள். அது வேடிக்கை அன்று. அவர் அந்த மணத்தோடு பேருந்தேறி, சிவாஜிநகரில் மாறி, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, உறங்கி எழுந்து, மறுநாள் முழுவதும் அதைக் கவனித்திருப்பார். ஞாயிறு மாலை பயற்றமாவால் தேய்த்துக் கழுவிவிடுவார். திங்கள் காலை மணமற்ற கைகளோடு மாடியேறி வந்து எனக்குத் தீர்ப்புச் சொல்வார். ஓர் ஆரஞ்சு லோஷனைப் பற்றிச் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "சிவாஜிநகர் வரைக்கும் ஆரஞ்சுதான் டீச்சர். அங்க ஆரஞ்சு எறங்கிடுச்சு. தோலு மட்டும் என்னோட வீட்டுக்கு வந்துச்சு."

நாற்பத்தைந்து வயது வரை சந்தன சோப்பைத் தவிர வேறெதையும் அறியாத நானும் இரண்டு கைகளையும் நீட்டத் தொடங்கினேன். என் தீர்ப்புகளை அவர் பொறுமையோடு கேட்பார். கடையிலேயே சொன்னால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வார்.

இனி, அவருக்கு உண்மையாகவே வேண்டியிருந்த ஒன்றைப் பற்றி.

எங்கள் அலுவலகத்தில் நிரந்தரப் பணியாளரின் அடையாள அட்டை நீலப் பட்டையில் தொங்கும். ஒப்பந்தப் பணியாளருக்கு மஞ்சள். மஞ்சள் பட்டைக்காரர்கள் பதினோரு மாதம் வேலை செய்வார்கள்; பன்னிரண்டாம் மாதம் வெளியே இருப்பார்கள்; பிறகு புதிதாக விண்ணப்பிப்பார்கள். அவர் ஆறாண்டுகளாக அப்படிப் போய் வந்துகொண்டிருந்தார். அந்த ஒரு மாதம் எப்படிப் போகும் என்று கேட்டேன். "மூக்குக்கு லீவு டீச்சர். வயித்துக்கு லீவு இல்ல" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அவருடைய ஆறாவது ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தபோது, முகர்வோர் அறுவரில் இருவரை நிரந்தரமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஐந்து நாளில் பத்துச் சோதனைகள். அவற்றில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு நீலப் பட்டை. சோதனை எளியது. மூன்று கிண்ணங்கள் வைப்பார்கள். இரண்டில் ஒரே சரக்கு. ஒன்றில் சற்றே வேறானது. வேறானது எது என்று குறிக்க வேண்டும். வேறுபாடு தெரியாவிட்டாலும் மூன்றில் ஏதேனும் ஒன்றை ஊகித்துக் குறித்தே தீர வேண்டும் என்பது விதி. ஒரு தாள் குறிக்கப்படாமல் இருந்தால் பத்துத் தாளும் செல்லாது.

வியாழன் மாலை எட்டு முடிந்திருந்தன. வெள்ளி காலை ஒன்பதாவது. ஒவ்வொரு முறையும் படியில் என்னைக் கண்டால், "தெரிஞ்சுச்சு டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதும் சரி என்பதை மேலாளர் பின்னர் காட்டிய தாளில் நானே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் என் மேசைக்குப் புதிய கை லோஷன் ஒன்று வந்தது. வெட்டிவேர் மணம். என் வழக்கப்படி அதைத் திறந்து, இரு கைகளிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, வாசகம் எழுத அமர்ந்தேன். நன்றாக இருந்தது, முதல் வரியும் உடனே வந்தது. மணி இரண்டேகால். பத்தாவது சோதனை இரண்டரைக்கு. வாழ்த்திவிட்டு வரலாம் என்று கீழே ஓடினேன். வெள்ளை அறையின் வாசலில் அவர் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டேன்.

"இது ஒண்ணுதானே. நல்லபடியா முடிச்சிட்டு வாங்க. நாலு மணிக்குப் பார்க்கலாம்."

அவர் கைகளை விடுவித்துக்கொண்டார். தம் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேரே கழுவுமிடத்துக்குப் போனார். நான் மாடிக்குத் திரும்பிவிட்டேன். நாற்காலியில் அமர்ந்து பேனாவை எடுத்தபோதுதான் என் விரல்களின் மணம் எனக்கே வந்தது. மீண்டும் இறங்கி ஓடியபோது கதவு மூடியிருந்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்விளக்கு எரியும்போது கதவைத் தட்டக் கூடாது. மணம் பூசியவர்கள் அந்த அறைப் பக்கம் கால் வைக்கவும் கூடாது. தட்டியிருக்கலாம். நான் தட்டவில்லை.

மூன்றரைக்கு அவர் வெளியே வந்தார். பின்னாலேயே மேலாளர், கையில் தாளோடு.

"என்னாச்சு?" என்றேன்.

"தெரியல டீச்சர். மூணும் மூக்குக்கு ஒண்ணாத்தான் இருக்கு. எது வேறன்னு தெரியல. அதையே எழுதிக் குடுத்துட்டேன்."

மேலாளர் தாளை அவர் முன்னால் நீட்டினார். "நோடும்மா. நான் சொல்லக் கூடாது, ஆனா நீதான் டாப்புல இருக்கே. இது தப்பானாலும் பரவால்ல. ஒந்து டிக் போடு, ஆய்த்து. காலியா மட்டும் விடாதே. ஆறு மணி வரைக்கும் பேப்பர் என் டேபிள் மேலேயே இருக்கும். ஆமேலே நான் அனுப்பியாகணும்."

"கொத்தில்லா சார்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "வாங்கோ டீச்சர், நாலு ஆகப் போகுது" என்றார்.

அது சைவ வாரம். மிளகு தூவிய பேபிகார்னைச் சொன்னோம். தட்டு வருவதற்குள் நான் தொடங்கிவிட்டேன்.

"ரூல்லயே இருக்கு. தெரியலைன்னா ஏதாவது ஒண்ணைக் குறிங்கன்னு அவங்களே சொல்றாங்க. அது பொய் ஆகாது."

"பொய்ன்னு நான் சொல்லலயே."

"பின்னே?"

"ஒம்பது பேப்பர்ல தெரிஞ்சு போட்டேன் டீச்சர். பத்தாவதுல தெரியாம போட்டா, பாக்கறவங்களுக்குப் பத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். எது தெரிஞ்சது, எது அடிச்சு வுட்டதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நாள் போனா நானே மறந்துடுவேன்."

"நீலப் பட்டை வேண்டாமா உங்களுக்கு?"

"வேணாமாவா? ஆறு வருசமா கனாவுலகூட எனக்கு நீலமாத்தான் வருது."

சர்வர் தட்டை வைத்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, வழக்கமான கேலியைச் சொல்லாமலே போனார். இவர் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். முள்கரண்டியைக் கீழே வைத்தார். நான் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"என் கையில வெட்டிவேர் லோஷன் இருந்தது. மறந்துபோய் உங்க கையைப் பிடிச்சிட்டேன்."

"தெரியும். தொட்டதும் வந்துச்சு. ரெண்டு தடவ கழுவினேன்."

"உள்ளே கிண்ணத்துல என்ன இருந்தது?"

"வெட்டிவேருதான்."

"அப்போ என்னாலதானே?"

அவர் சாலையைப் பார்த்தார். இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். என் நண்பர்கள் எவராயினும் அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருப்பார்கள், நானும் சொல்லியிருப்பேன்.

"தெரியாது டீச்சர்."

நான் சோடாவைத் தள்ளி வைத்தேன்.

"கோச்சுக்காதீங்கோ. இல்லேன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும். எனக்கும் சொல்லணும்னுதான் இருக்கு. ஆனா தெரியலயே."

"உள்ளே போகாமலே இருந்திருக்கலாமே? கையில வேற வாசம் பட்டுடுச்சு, நாளைக்கு வைங்கன்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, யார் கைன்னு கேப்பாங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு இரண்டாவது கடிக்குக் கரண்டியை எடுத்தார்.

என் பெயரை நானே மேலாளரிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அவர் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சொல்லி இன்னா ஆகும்? உங்களுக்கு ஒரு மெமோ வரும். எனக்குப் பத்தாவது பேப்பர் அப்பவும் தெரியாதுதான். சாப்புடுங்கோ, ஆறுது."

உட்கார்ந்துவிட்டேன். அன்று நான் செய்யாமல் விட்ட காரியம் இது இரண்டாவது.

ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் மேலாளர். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டுமே என் காதில் விழுந்தது.

"சொல்லுங்க சார்... ஆமா, டீச்சரோடதான்... இல்ல சார், கோவம்லாம் ஒண்ணும் இல்ல... கொத்தில்லா சார்... நெஜமாவே கொத்தில்லா... பேபிகார்ன் சார். சக்கத்தா இருக்கு, நீங்களும் ஒரு நாள் வாங்கோ."

அன்றும் கோரமங்களா கடைக்குப் போனோம். கடல் உப்பு மணமென்று சொல்லி வந்திருந்த புதிய பாடி மிஸ்ட்டை இடக்கையில் மட்டும் தெளித்துக்கொண்டார். நான் எதையும் பூசிக்கொள்ளவில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.

திங்கள் காலை வழக்கம்போல மாடியேறி வந்தார். "உப்பே இல்ல டீச்சர். புது பிளாஸ்டிக் வாளி" என்றார். சோதனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று மதியம் வேறிருவருக்கு நீலப் பட்டை கிடைத்தது. அவர்களை முதலில் வாழ்த்தியவர் இவர். அதை நான் படிக்கட்டிலிருந்து பார்த்தேன். மூன்று வாரம் கழித்து ஒப்பந்தம் முடிந்தது. மஞ்சள் பட்டையை மடித்து வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து, "வரேன் டீச்சர்" என்றார். வழக்கமான ஒரு மாதத்துக்குப் பின் வருவார் என்றே நினைத்தேன். அவர் மறுபடியும் விண்ணப்பிக்கவில்லை. அவருடைய எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். அவ்வெண் பயன்பாட்டில் இல்லை என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பதில் வந்தது. என் கையைப் பற்றி மேலாளரிடம் நான் சொன்னது அதற்குப் பிறகுதான். மெமோ வரவில்லை.

அந்தச் சோதனையைப் பற்றி நான் விசாரித்து அறிந்தவை இவை. பத்தாவது சோதனையில் வேறான கிண்ணம் எது என்பதற்கு ஆய்வகத்தில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற ஐவரில் இருவர் அந்த எண்ணைச் சரியாகக் குறித்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் ஏறத்தாழ அவ்வளவு பேருக்குச் சரியாக வரும். கிண்ணங்களில் ஊற்றிய ஆய்வக உதவியாளரைக் கேட்டேன். "ரெண்டு புட்டி எடுத்து வெச்சது ஞாபகம் இருக்கு மேடம். ரெண்டுலயும் ஊத்தினேனா, ஒண்ணுலயே ஊத்திட்டேனான்னு இப்போ சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது" என்றார். புட்டிகளும் கிண்ணங்களும் சனிக்கிழமை காலையிலேயே கழுவப்பட்டுவிட்டன.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அன்று மூன்று கிண்ணங்களிலும் இருந்தது ஒரே சரக்குத்தானா என்பது தெரியாது. ஒன்று வேறாக இருந்திருந்தால், அதை அவர் அறியாமல் போனதற்கு என் கை காரணமா என்பதும் தெரியாது.